ஆமிப் பென்சன்

எட்மண்டன், லண்டன்
9 ஒக்டோபர் 2024

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. எனக்குப் போன் எடுக்காதேயுங்கோ. எடுத்தால் வைத்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதவும் ஏலாது. என் போனை ஜதுர்ஷிகாதான் திறந்து திறந்து துப்புரவாக்குகிறாள். பேத்திப்பிள்ளை வாசிக்கிற கதையா இது? அதனால்தான் இந்தக் காலத்திலும் முத்திரை ஒட்டி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை முதியோர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். பக்கத்துக் கதிரையில் பியற்றிஸ். 2009 இல் மகனை ஆமியிடம் கையளித்துவிட்டு இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிற மனிசி. அந்தப் பெடியனின் படம் இல்லாமல் கடைக்கும் போகமாட்டா. அவ தன் போனை என் கோப்பைக்கு மேலே நீட்டினா.

"புனிதமக்கா, இந்தக் கூத்தைப் பாருங்கோவன்."

பார்த்தேன். இலங்கை எம்பசி வாசலில் கிழவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கோட்டு, தொப்பி, நெஞ்சில் மெடல். நடுவில் நிற்கிறவர் ஒரு பேப்பரைப் பிடித்திருக்கிறார். ஒருத்தரைத் தவிர எல்லாரும் சிங்களவர். ஓரத்தில் நிற்கிற அந்த ஒருத்தரின் தலையைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டு, 'இந்தத் தமிழர் யார்? ஆமிப் பென்சனைக் கூட்டித் தரச்சொல்லிக் கெஞ்சுகிறார்' என்று எழுதி விட்டிருக்கிறார்கள். லண்டன் முழுக்கச் சுற்றுகிறதாம்.

"ஆளைத் தெரியுமே அக்கா?" என்று பியற்றிஸ் கேட்டா.

"தெரியாது" என்று சொன்னேன்.

என் கூடப்பிறந்த அண்ணையை, என் வாயால், தெரியாது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கத்தரிக்காய்க் கறி இறங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

உங்களுக்கு விசரே அண்ணை? நீங்கள் ஆமியில் இருந்தது வீட்டுக்குத் தெரியும். வெளியில் யாருக்குத் தெரியும்? 'அண்ணைக்குக் கொழும்பில கவண்மேந்து உத்தியோகம்' என்று சொல்லிச் சொல்லி எத்தனை வருசம் மூடி வைத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த மாதிரி அதை மறைத்தது நீங்கள் கடைசிக் காலத்தில் மெடலைக் குத்திக்கொண்டு நடுரோட்டில் நிற்கவா? உங்களுக்கு என்ன குறை? இந்த நாட்டுப் பென்சன் வருகிறது, பஸ் கராஜ் பென்சன் வருகிறது. எண்பத்துமூன்று வயதில் அந்தக் காசைக் கூட்டி வாங்கி எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள்?

ஒன்று சொல்கிறேன். என் பிள்ளை நிர்மலன் செத்த திகதி எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் கார்த்திகை இருபத்தேழில், மாவீரர் நாளில், வீட்டில் படைக்கிறோம். தாய்மாமன் என்று முதல் இலை உங்களுக்குத்தான் போட்டு வந்தேன். இந்த வருசம் நீங்கள் வரவேண்டாம். உங்கள் இலையைக் காகத்துக்கு வைக்கிறேன்.

புனிதா


மோர்டன்
16 ஒக்டோபர் 2024

அன்பின் தங்கைக்கு,

நான் நலம், உன் நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் வேணும். என் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. உன் கடிதமும் சம்மதிக்கவில்லை.

நீ எழுதியது எல்லாம் சரி. கெஞ்சினேன் என்று போட்டிருக்கிறார்களே, அதுவும் சரிதான். 'மதிப்புக்குரிய ஐயா, தாழ்மையுடன்' என்று எழுதின மனுவுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் அதற்குப் பெயர் கெஞ்சுதல்தான்.

ஆனால் ஏன் போனேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பியசேனவை உனக்குத் தெரியாது. பனாகொடை முகாம் வேர்க்ஷொப்பில் என்னோடு லொறி திருத்தினவன். எழுபத்தொன்றில் தெற்கில் சிங்களப் பெடியள் துவக்குத் தூக்கியபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே லொறியில்தான் போனோம். அவன் வயதுபோன பிறகு மகனிடம் வந்து ஹவுன்ஸ்லோவில் இருக்கிறான். இங்கே வேலை செய்யாதபடியால் இந்த நாட்டுப் பென்சன் இல்லை. மனிசிக்கு மறதி வருத்தம், புருசனையே பிறத்தி ஐயாவைக் கூப்பிடுகிற மாதிரி 'மாத்தயா' என்று கூப்பிடுகிறாவாம். மகன் நல்லவன், மருமகள் கணக்குக் கேட்கிறவள். அந்த ஆமிப் பென்சன்தான் அவனுடைய கைச்செலவு. பிந்தி விலகினவனுக்கு ஒரு பென்சன், எங்களைப் போல முந்தி விலகினவனுக்கு அதில் ஒரு துண்டு. இரண்டு பேரும் ஒரே பதவி, ஒரே வேலை. அதைச் சரிசெய்யச் சொல்லித்தான் மனு.

"மச்சாங், தமிழாள் ஒருத்தரும் நிண்டா நல்லம்" என்று தன் உடைந்த தமிழில் கேட்டான். படத்துக்கு ஒரு தமிழன் வேணும் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கிக்கொண்டுதான் போனேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கிழவர்களில் ஒருத்தன் என்னைப் பார்த்து "சார்ஜன்ற்!" என்று கூப்பிட்டான். நாற்பது வருசத்துக்கு மேல் அந்தச் சொல்லை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. பஸ் கராஜில் நான் 'நாவ்'. உன்னுடைய ஆட்களுக்கு நான் 'கவண்மேந்து உத்தியோகம்'. முழங்கால் நோவோடு நிமிர்ந்து நின்றேன் புனிதா. அந்தப் படத்தில் நான் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பாய். அதை நினைக்கத்தான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

காசுக்காக இல்லை. அம்மா இருக்கும்வரை அந்தப் பென்சனை அம்மாதான் எடுத்தா என்பது உனக்குத் தெரியும். அவ போன பிறகு நான் அதில் ஒரு சதம் தொடவில்லை. யாழ்ப்பாணத்தில் வங்கியில் கிடக்கிறது. பிறகு ஏன் வருசம் தவறாமல் எம்பசிக்குப் போய், ஆள் உயிரோடு இருக்கிறேன் என்று முகத்தைக் காட்டிக் கடிதம் வாங்கி அனுப்புகிறாய் என்று கேட்பாய். நிற்பாட்டினால் ஆமியில் இருந்த அந்த இருபத்திரண்டு வருசமும் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும் போல ஒரு பயம்.

இலையைக் காகத்துக்கு வை. ஆனால் நான் வரட்டோ என்று ஒருக்கால் கேட்கிறேன்.

அன்பு அண்ணன்
நவரத்தினம்


எட்மண்டன்
28 ஒக்டோபர் 2024

அண்ணைக்கு,

பியசேனவின் மனிசிக்குச் சுகம் வரட்டும். அந்த மனிசனோடு எனக்குக் கோபம் இல்லை. உங்கள் லொறிக் கதையும் எனக்கு வேண்டாம்.

நான் படத்துக்காகத்தான் கோபம் என்று நினைத்து வடிவாக நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சரி. இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பதினைந்து வருசமாக வயிற்றுக்குள் வைத்திருக்கிறது.

2009 சித்திரை. சனம் அங்கே பதுங்குகுழிக்குள் செத்துக்கொண்டிருந்த நேரம். நாங்கள் ஒரு நாள் பாராளுமன்ற வாசலில், ஒரு நாள் எம்பசி வாசலில் என்று நின்றோம். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை அடைத்துப்போயிருந்தது. எம்பசிக்குள் போகிற ஒவ்வொருவரையும் பார்த்துச் சனம் 'துரோகி, துரோகி' என்று கத்தியது. பொலிஸ் கம்பித் தடுப்பை விலக்கி ஒவ்வொருவராக உள்ளே விட்டது.

அப்போது நீங்கள் வந்தீர்கள். சாம்பல் கோட்டு. மச்சாள் பின்னிய கறுப்புக் கம்பளித் தொப்பி. நான் கம்பியில்தான் சாய்ந்து நின்றேன். கை நீட்டினால் உங்கள் கோட்டில் படும். எனக்கு உங்களைக் கண்டதும் முதலில் என்ன வந்தது தெரியுமா? சந்தோசம். அண்ணையும் வந்துவிட்டார், எங்களோடு நிற்க வந்துவிட்டார் என்று. 'அண்ணை' என்று வாய் திறந்தேன்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனீர்கள்.

பக்கத்தில் நின்ற பெட்டை உங்கள் முதுகுக்குத் 'துரோகி' என்று கத்தினாள். நானும் வாயசைத்தேன். சத்தம் வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கான காசுக்குத்தான் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடிதம் பிந்தினால் அம்மாவின் காசு நிற்கும். போனது பிழை இல்லை அண்ணை. 'புனிதா, அம்மாவுக்காகப் போறன்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த முழுச் சனத்தோடும் நான் சண்டைக்குப் போயிருப்பேன். நீங்கள் என்னைத் தெரியாத ஆள் மாதிரிப் போனீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் என் வீட்டில் வந்திருந்து, என் பிள்ளையின் படத்துக்கு முன்னால் சாப்பிட்டீர்கள். இன்றைக்குச் சொல்வார், இன்றைக்குச் சொல்வார் என்று நானும் ஒவ்வொரு வருசமும் சோறு போட்டேன். நீங்கள் ரசம் நல்லாயிருக்குது என்று சொன்னீர்கள்.

வரவேண்டாம்.

புனிதா


மோர்டன்
29 நவம்பர் 2024

அன்பின் புனிதா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. எழுதவில்லை என்று இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

முதலில் எழுதினது இது: அந்தச் சனத்துக்கு முன்னால் நான் உன்னோடு கதைத்தால் உனக்குத்தான் அவமானம் வந்திருக்கும், மகனை இயக்கத்துக்குக் கொடுத்த தாயின் அண்ணன் ஆமிப் பென்சன்காரன் என்று உன்னை ஒதுக்கியிருப்பார்கள், உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன். வாசிக்க நல்லாக இருந்தது. உறையும் ஒட்டிவிட்டேன். தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்து கிழித்துப் போட்டேன். பொய்.

உன்னைக் கண்டதும் எனக்குப் பயம் வந்தது. நீ 'அண்ணை' என்று கூப்பிட்டால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்ற பயம். உன்னைப் பற்றி நினைக்கவே இல்லை. என் முகத்தைப் பற்றித்தான் நினைத்தேன். நீ என்னைக் காணவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதை. நீ பரிமாறும்போது என் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்துப் பரிமாறுவாய். அதைக் கண்டும்தான் ரசம் நல்லாயிருக்குது என்று சொன்னேன்.

நேற்று முன்தினம் இருபத்தேழு. உன் சொல்லை மீறக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் காலையில் கால் தானாக ரெயினுக்குப் போய்விட்டது. சில்வர் ஸ்றீற் ஸ்ரேசன் வரைக்கும் வந்தேன். நிர்மலனுக்கு விருப்பம் என்று வாங்கின பருத்தித்துறை வடைப் பையோடு அங்கே பிளாற்போம் வாங்கில் இருந்தேன். உன் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. எழும்பவில்லை. முழங்கால்தான் காரணம் என்று சொல்ல ஆசை. அது இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மன்னிக்கச்சொல்லிக் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்று சொல்லத்தான் எழுதினேன்.

நவரத்தினம்


எட்மண்டன்
15 டிசம்பர் 2024

அண்ணை,

வடையைத் திருப்பிக் கொண்டுபோய் என்ன செய்தீர்கள்? ஒருத்தருக்கும் கொடுக்காமல் மேசையில் வைத்துப் பழுதாக்கியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு முதல் இலையை வெளியில் வைத்தேன். காகம் வரவில்லை. இந்த ஊர்க் காகத்துக்குச் சோறு விளங்காது. நரிதான் இரவில் வந்து இழுத்துக்கொண்டு போயிருக்குது. ஜதுர்ஷிகா கேட்டாள், "அங்கிள் தாத்தா ஏன் வரேல்லை?" சுகமில்லை, வருத்தம் என்று சொன்னேன். உங்களால் எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பொய்.

இப்படியே நான் உங்களை மட்டும் குற்றவாளியாக்கி எழுதிக்கொண்டே போகலாம். உங்கள் கடைசிக் கடிதம் வந்த பிறகு எனக்கு அது ஏலாமல் இருக்குது. நீங்கள் கிழித்த மாதிரி நானும் ஒன்றைக் கிழிக்கவேணும்.

அம்மா எடுத்த பென்சனில் அம்மா மட்டுமா சாப்பிட்டா? என் மனிசன் செத்தபோது நிர்மலனுக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் உலை வைத்தது எல்லாம் எந்தக் காசு? ஊர்த் தபால்கந்தோருக்குப் போனால் கதை பரவும் என்று அம்மா வெயிலுக்குள் அடுத்த ஊர்த் தபால்கந்தோருக்கு நடப்பா. "எங்கை ஆச்சி?" என்று கேட்டால் "கோயிலுக்கு" என்பா. திரும்பி வரும்போது உண்மையாகவே திருநீறு பூசிக்கொண்டுதான் வருவா. அந்தக் காசில்தான் என் பிள்ளை புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டான். அந்தக் காசில்தான் ரியூசனுக்குப் போனான்.

அவனுக்குச் சைக்கிள் வாங்கினதும் அந்தக் காசுதான். 'ஆர் தந்த காசம்மா?' என்று கேட்டான். 'மாமா லண்டனிலயிருந்து அனுப்பினவர்' என்று சொன்னேன். ஆமிக்காசு என்று எப்படிச் சொல்வேன்? ஹெலி வந்து சுட்டுவிட்டுப் போன கிழமை அது. அந்தச் சைக்கிளில்தான் அண்ணை அவன் இயக்கத்துக்குப் போனான். ஒரு நாள் விடிய அதை எடுத்துக்கொண்டு போனவன். சைக்கிள் சந்தியில் நின்றது, ஆளில்லை.

இப்போது மண்டபத்தில் ஒவ்வொரு கார்த்திகையும் மைக்கில் கூப்பிடுவார்கள், 'மாவீரரின் தாயார் விளக்கேற்ற வாங்கோ' என்று. நான் போவேன். கார்த்திகைப் பூவைக் குத்திவிடுவார்கள். கை நடுங்கும். எல்லாரும் அது துக்கம் என்று நினைக்கிறார்கள். துக்கமும்தான். ஆனால் ஆமி தந்த சோற்றில் வளர்த்த பிள்ளைக்கு விளக்குக் கொளுத்துகிறேனே, ஒருத்தருக்காவது தெரிந்தால் என்ற நடுக்கம்தான் கூட.

எனக்கு ஒருத்தரும் சிவப்பு வட்டம் போடவில்லை அண்ணை. போட்டிருந்தால் அந்தப் படத்தில் உங்களுக்குப் பக்கத்தில்தான் நான் நிற்கவேணும். அதைக் காட்டக்கூடாது என்றுதான் உங்கள் மேல் அவ்வளவு கோபப்பட்டேன்.

புனிதா


மோர்டன்
4 ஜனவரி 2025

தங்கச்சிக்கு,

வாசித்தேன். சைக்கிள் என் சம்பளத்தில் நான் அனுப்பினதில் வாங்கினது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவன் அதில் போனான் என்று தெரியாது. மகள் வாணி வந்து "என்ன அப்பா, முகம் ஒரு மாதிரி இருக்குது" என்று கேட்டாள். பல் நோவு என்று சொன்னேன். எனக்குப் பல்லே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. 'உரிய இடத்தின் கவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.' பியசேன அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போகிறானாம், அப்படியாவது ஒரு பிரயோசனம் இருக்கட்டும் என்று.

பெப்ரவரி முதல் வெள்ளிக்கிழமை, உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுகிற நாள் கேட்டு எடுத்திருக்கிறேன். பியசேனவும் அன்றைக்குத்தான் வருகிறான். போகாமல் விட்டால் ஆள் செத்துவிட்டார் என்று எழுதிப் பென்சனை நிற்பாட்டிவிடுவார்கள். அதுவும் ஒரு முடிவுதான். உன் கடிதத்துக்குப் பிறகு எனக்கு அந்தப் பென்சனின் பெயரைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

நீ சொல். போகாமல் விடட்டோ?

அண்ணன்


எட்மண்டன்
14 ஜனவரி 2025

அண்ணை,

விடவேண்டாம். செத்துப்போனதாக எழுதவைக்க என்ன அவசரம்? அம்மாவுக்குச் சோறு போட்டது, எனக்கும் என் பிள்ளைக்கும் போட்டது. சாப்பிட்டு முடிந்தபிறகு சட்டியைத் திட்டக்கூடாது. வங்கியில் கிடக்கிறதை என்ன செய்கிறது என்று பிறகு யோசிப்போம். முள்ளந்தண்டில் அடிபட்ட பிள்ளைகளைப் பராமரிக்கிற வீடுகள் அங்கே எத்தனையோ இருக்குது. இயக்கத்தில் இருந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆர் பென்சன் கொடுக்கிறது?

போங்கோ. நானும் வாறன்.

உள்ளுக்கு வரமாட்டேன். அந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று 2009 இல் சொன்னது சொன்னதுதான். நான் முந்தி நின்ற இடத்தில், எம்பசிக்கு முன்னால் இருக்கிற மரத்தடியில் நிற்பேன். நீங்கள் அலுவல் முடித்து வெளியில் வந்ததும் என்னைப் பார்த்துக் கூப்பிடவேணும். 'புனிதா' என்று. மெல்லமாக இல்லை. அண்டைக்குக் கூப்பிடாததையும் சேர்த்துக் கூப்பிடவேணும். ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்க்கவேணும்.

அதைச் செய்யுங்கோ. பிறகு நாங்கள் சேர்ந்து எங்காவது தேத்தண்ணி குடித்துவிட்டு என் வீட்டுக்குப் போவோம். அந்த இலையை நான் அன்றைக்குப் போடுகிறேன்.

புனிதா


மோர்டன்
8 பெப்ரவரி 2025

அன்பின் புனிதா,

நேற்றைய அலுவல் சரிவந்தது. உள்ளே இருந்த பிள்ளை மரியாதையான பிள்ளை, தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி "சீயா, இருங்கோ" என்று கதிரை தந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்பது முத்திரை குத்தி உறுதியாகிவிட்டது.

வெளியில் வரும்போது படியில் பியசேன என் கையைப் பிடித்திருந்தான். அவன் தன் மெடலையும் குத்திக்கொண்டு வந்திருந்தான், எங்கே போனாலும் இப்போது அதைக் குத்துகிறான். நீ சொன்ன மரத்தடியில் நின்றாய். நீலக் கோட்டு. நான் கூப்பிட்டேன்.

ஆனால் என் தொண்டை கிழவன் தொண்டை. அதோடு அந்த நேரம் பார்த்துப் பஸ் ஒன்று வந்து நின்றது. சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது. நீயும், கையில் படங்களோடு நின்ற சில பெண்களில் ஒருத்தியோடு கதைத்துக்கொண்டு நின்றாய். பிறகு மற்றப் பக்கம் திரும்பிவிட்டாய். இன்னொருக்கால் கூப்பிட்டால் உனக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று நாங்கள் மெல்ல நடந்துவிட்டோம். பியசேன, "அது உன்ர நங்கி, தங்கச்சி இல்லையா?" என்று கேட்டான். அவவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சொன்னேன். அவனுக்கும் மந்தம்தான். விளங்கிக்கொண்டான்.

குளிருக்குள் கனநேரம் நின்றிருப்பாய். கால் வீங்கவில்லையே? தேத்தண்ணி இன்னொரு நாள் குடிக்கலாம். இலைக்கும் அவசரம் இல்லை.

பஸ் சத்தம்தான். ஒன்றும் யோசிக்காதே.

அன்பு அண்ணன்
நவரத்தினம்


எட்மண்டன்
12 பெப்ரவரி 2025

அண்ணை,

பஸ் ஒன்றும் வரவில்லை.

எனக்குக் காது நல்லாகக் கேட்கும். நீங்கள் கூப்பிட்டதும் கேட்டது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாயோடு போன வெள்ளைக்காரன் திரும்பிப் பார்த்தான். முகாமில் கட்டளை போடுகிற மாதிரித்தான் கூப்பிட்டீர்கள்.

மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை பியற்றிசும் மற்றத் தாய்மாரும் காணாமல்போன பிள்ளைகளின் படத்தோடு அங்கே நிற்கிறவர்கள். எனக்கு அது மறந்துபோச்சுது. என்னைக் கண்டதும் பியற்றிஸ் ஓடி வந்து கையைப் பிடித்தா. "அக்கா, எங்களோட நிக்க வந்தனீங்களே" என்று கேட்டு அவவுக்குக் கண் கலங்கிப்போச்சுது. இல்லை என்று எப்படிச் சொல்வேன்? மகனின் படத்தில் ஒரு பக்கத்தை என் கையில் தந்தா. பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நீங்கள் மெடல் போட்ட மனிசனின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினீர்கள்.

"அந்த வட்டம் போட்ட ஆள்தானே இது?" என்று பியற்றிஸ் கேட்டா. நீங்கள் கூப்பிட்டீர்கள். "உங்களையே அக்கா கூப்பிடுறார்?"

"தெரியாது. வேறை ஆரையோ" என்று சொன்னேன்.

சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பினேன். உங்கள் ஊன்றுபொல்லுச் சத்தம் எனக்குப் பின்னால் போனது. நான் திரும்பவில்லை.

பதினைந்து வருசம் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன். எவ்வளவு நேரத்தில் செய்தேன் பாருங்கோ அதையே. நீங்கள் அண்டைக்கு என்னைக் கண்டு எப்படி நடுங்கினீர்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். யோசிக்க நேரம் இருக்கவில்லை. முகத்தை ஒளிக்கத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நீங்கள் பஸ்ஸையும் பிடித்து அதற்குள் என்னை ஏற்றிவிடப் பார்க்கிறீர்கள். வேண்டாம் அண்ணை. நான் இறங்கி நடந்து வாறன்.

நேற்று ஜதுர்ஷிகாவை இருத்தி எல்லாம் சொன்னேன். ஆமி, பென்சன், சைக்கிள், எல்லாம். வாய் பிளந்து கேட்டாள். கடைசியில், "ஓகே அம்மம்மா, பட் அவர் உங்கட அண்ணாதானே?" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு. எனக்கு அதைச் சொல்ல எழுபத்துநாலு வயது ஆகியும் வாய் வரவில்லை.

வாற செவ்வாய்க்கிழமை எங்கள் முதியோர் சாப்பாட்டுக்கு நீங்கள் வரவேணும். பியற்றிஸ் இருப்பா. மற்ற எல்லாரும் இருப்பார்கள். நான் உங்களை வாசலில் வந்து கூட்டிக்கொண்டு போய், எல்லாருக்கும் கேட்க, 'இது என்ரை அண்ணை' என்று சொல்லப்போகிறேன். வட்டம் போட்ட ஆளை நான் தெரியாது என்று இரண்டு தரம் சொன்னது பொய் என்றும் பியற்றிசுக்குச் சொல்வேன். அவ என்ன சொல்வா என்று தெரியாது. படத்தைப் பிடிக்க இனி என்னை விடமாட்டாவோ தெரியாது. பக்கத்துக் கதிரையை இழுத்துக்கொண்டு எழும்பிப் போனாலும் போவா. போகட்டும், நாங்கள் இரண்டு பேரும் இருந்து சாப்பிடுவோம். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய் நிர்மலனின் படத்துக்கு முன்னால் உங்கள் இலையைப் போடுகிறேன். வடை வாங்கிக்கொண்டு வாங்கோ.

மெடல் போடுகிறதும் விடுகிறதும் உங்கள் விருப்பம். குளிர் கடுமை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். சால்வையைச் சுற்றிக்கொண்டு வாங்கோ, கையுறை போட்டுக்கொண்டு வாங்கோ.

தொப்பி மட்டும் போடாமல் வாங்கோ.

புனிதா